தம்பிக்கு என்ன என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது?

கூட்டல்கழித்தல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 31 வயது. எனக்கும் அவனுக்கும் 12 வயது வித்தியாசம், பாதி என் இடுப்பில்தான் வளர்ந்தான். மனநல மருத்துவமனையில் ஏழு வாரம் இருந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்தான். மனச்சிதைவு நோய் என்று சொன்னார்கள். அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தை எழுத ஆரம்பித்தால் முடியாது, ஒன்று மட்டும் சொல்கிறேன். பிளக் பாயிண்ட் ஓட்டைகள் வழியாக யாரோ தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று நம்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால், வீட்டில் இருக்கிற எல்லா பிளக் பாயிண்டிலும் ஓட்டை ஓட்டையாகப் பஞ்சு அடைத்து, மேலே பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறது. அளவெடுத்து, மூலை பிசகாமல் வெட்டி ஒட்டியிருந்தான். அவன் கைவேலை எப்போதும் சுத்தம். டேப்பைப் பிய்த்தாகிவிட்டது. கோந்துத் தடம் மட்டும் இன்னும் போகவில்லை.

இப்போது தேறிவிட்டான். நிறையத் தூங்குகிறான், எடை ஏறியிருக்கிறது, ஒரு கேள்விக்குப் பதில் வர முன்னைவிடக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஆனால் சிரிக்கிறான். போன வாரம் என் மகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தான்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பது நாங்கள் ஊருக்குச் சொன்ன பொய்கள்தான். பெரியப்பா வீட்டுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்கு வெளியூரில் பயிற்சி. அவனுடைய பழைய அலுவலக நண்பர்களுக்கு முதுகுத்தண்டில் ஏதோ பிரச்சினை. யாருக்கு எதைச் சொன்னோம் என்று மறந்துவிடாமல் இருக்கப் போனில் ஒரு குறிப்பே எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு, இரட்டைப் பதிவு பழகிய கை. ஆனால் இது மூன்றாகி நான்காகிப் போய்க்கொண்டிருக்கிறது.

மாத்திரை அட்டையைப் பார்த்து யாராவது பெயரைத் தேடிப் பார்த்துவிடுவார்களோ என்று அம்மா ஒரு வேலை செய்தாள். எல்லாவற்றையும் பிரித்து, காலியான வைட்டமின் டப்பாவில் கொட்டி வைத்துவிட்டாள். போன மாதம் பெரியப்பா வந்திருந்தார். “ரொம்ப அசதியா இருக்கு, சத்து மாத்திரைதானே, எனக்கும் ஒண்ணு கொடு” என்று அந்த டப்பாவை எடுத்து மூடியைத் திறந்துவிட்டார். அம்மா பாய்ந்து பிடுங்கினாள். பிடுங்கின வேகத்தில் நான்கைந்து மாத்திரை தரையில் உருண்டது. யாரும் எதுவும் பேசவில்லை. தம்பிதான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

அன்று ராத்திரி என் மகள் கேட்டாள். அவளுக்கு 9 வயது. “மாமா லூசாம்மா? அப்புறம் எதுக்குப் பாட்டி மாத்திரையை ஒளிச்சு வைக்கிறாங்க?” தூங்கு என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன்.

அவளுக்கு என்ன சொல்வது? பெரியப்பாவுக்கு என்ன சொல்வது? மறைப்பது தப்பா, சொல்வது தப்பா? உங்கள் வீட்டில் யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் எழுதுங்கள்.


இரவுப்பணி எழுதியது:

சகோதரி, மனநல வார்டில் 16 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். இந்த வகை மாத்திரையைப் பழக்கம் இல்லாத ஒரு வயதானவர் போட்டுக்கொண்டால் தூக்கம் அப்படியே ஆளை அமுக்கும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, கீழே விழுந்துவிடுவார். மாத்திரை எப்போதும் அதன் அட்டையிலேயே இருக்கட்டும். பெயரும் தேதியும் தெரிய வேண்டும்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். “தூங்கு” என்று சொன்னதில் அவளுக்கு ஒரு பதில் போய்விட்டது, இது பேசக்கூடாத விஷயம் என்று. பரவாயில்லை, திருப்பி எடுத்துவிடலாம். வார்டுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: “மாமாவோட மூளைக்கு உடம்பு சரியில்லாம போச்சு. இல்லாத சத்தம் கேட்டுச்சு, நடக்காததை நடக்குதுன்னு நம்பினார். அது அவருக்கே ரொம்ப பயமா இருந்துச்சு. டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க.” அதற்குப் பிறகு, அவர்கள் கேட்காவிட்டாலும் மூன்று விஷயம் சேர்த்துச் சொல்வேன். உன்னால் வந்ததில்லை, தொற்றாது, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பிள்ளைகள் பயப்படுவது பெரும்பாலும் இதற்குத்தான், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். “லூசு” என்ற வார்த்தைக்குத் திட்ட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்வதை அவளும் சொல்கிறாள். மாமாவுக்கு அது வலிக்கும் என்று சொன்னாலே போதும்.

பெரியவர்களிடம் பேசும்போது எல்லோரும் ஒரு பாட்டுப் பாடுவார்கள், “சர்க்கரை வியாதி மாதிரிதான் இதுவும்” என்று. நானும் பல வருடம் பாடியிருக்கிறேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் 1996-லும் 2006-லும் பொதுமக்களிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இது மூளை சம்பந்தப்பட்ட நோய், சிகிச்சை தேவை என்று ஒப்புக்கொண்டவர்கள் அந்தப் பத்து வருடத்தில் கூடியிருந்தார்கள். ஆனால் இந்த நோய் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்வீர்களா, குடும்பத்தில் ஏற்பீர்களா என்று கேட்டால் தயக்கம் குறையவே இல்லை. மூளைக் கோளாறு என்றதும் அவன் மேல் தப்பில்லை என்று மனசு இளகுகிறது. அதே மூச்சில், அப்படியானால் இது மாறாது, எட்டி நிற்பதே நல்லது என்றும் தோன்றிவிடுகிறது.

நான் பார்த்த வரை ஜனங்களை மாற்றுவது ஆளோடு பழகுவதுதான். எங்கள் வார்டுக்குப் புதிதாக வரும் பயிற்சி நர்ஸ்கள் முதல் வாரம் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். மூன்றாவது வாரம் நோயாளிகளோடு உட்கார்ந்து கேரம் ஆடுவார்கள். இடையில் நான் எந்தப் பாடமும் எடுப்பதில்லை. அதனால் உங்கள் பெரியப்பாவிடம் நோயின் பெயரோடு நிறுத்தாமல் அந்தப் பின்னக் கணக்கையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்காமல் விடமாட்டார்கள், “அடிப்பானா?” என்று. மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைத் தாக்குவதைவிட மற்றவர்களிடம் அடிபடுவதுதான் அதிகம். வார்டில் சேர வரும்போது அவர்கள் உடம்பில் இருக்கும் பழைய தழும்புகளைக் குறித்து வைப்பது என் வேலை, அதனால் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில் உலகத்தில் 2 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது, ஏறக்குறைய 300, 350 பேருக்கு ஒருவர். உங்கள் போனிலேயே 300 எண்களுக்கு மேல் இருக்கும்.


சும்மாவருபவன் எழுதியது:

மேடம், எல்லோரும் நல்லதாகச் சொல்வார்கள். நான் கசப்பாகச் சொல்கிறேன். சொல்லாதீர்கள்.

என் அண்ணன் நேர்மையாக இருக்கிறேன் பேர்வழி என்று மேலதிகாரியிடம் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பதைச் சொன்னான். அவரும் தோளைத் தட்டி, தைரியமாகச் சொன்னதற்குப் பாராட்டெல்லாம் தெரிவித்தார். இரண்டு மாதத்தில் அவன் கையிலிருந்த முக்கியமான வேலை எல்லாம் வேறு ஆளுக்குப் போனது. “உனக்கு ஸ்ட்ரெஸ் வேண்டாமே” என்று அன்பாகத்தான் பிடுங்கினார்கள். ஆறாவது மாதம் ஆள்குறைப்புப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. நிரூபிக்க எதுவும் கிடையாது.

ஊர் திருந்தட்டும், அப்புறம் சொல்லலாம்.


லித்தியராகம் எழுதியது:

அக்கா, எனக்கு பைபோலார், இருதுருவக் கோளாறு. மனநிலை சில காலம் அளவுக்கு மீறி உச்சத்துக்கும் சில காலம் பாதாளத்துக்கும் போகும் நோய். அதற்கு 14 வருடமாக லித்தியம் மாத்திரை எடுக்கிறேன்.

சும்மாவருபவன் சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் யாரிடமுமே சொல்லாமல் இருப்பதும் எங்களால் முடியாத காரியம். லித்தியத்தோடு ஐபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரை சேரக்கூடாது, ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும். எனக்கு 0.6-க்கும் 0.8-க்கும் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1-ஐத் தாண்டினால் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இப்படி இருக்கும்போது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, “வேற மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா மேடம்?” என்று கணீரென்று கேட்டாள். “லித்தியம்” என்றேன். “அது எதுக்கு?” என்றாள். சொன்னேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் குரல் பாதியாக இறங்கிவிட்டது. என்னிடம் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு, குழந்தையிடம் பேசுவது போலப் பேசினாள். கெட்ட பெண் இல்லை. கரிசனம்தான் காட்டினாள். எனக்கு அந்தப் பல்லை விட இந்தக் கரிசனம் அதிகம் வலித்தது.

தெரிந்தவர்கள் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இன்னொன்று இருக்கிறது. வீட்டில் நியாயமான காரணத்துக்கு நான் கோபப்பட்டால் உடனே வரும், “மாத்திரை போட்டியா?” என்று. என் கணவர் நல்ல மனிதர். அவரும் கேட்பார். கல்யாணமாகி மூன்றாவது வருடம், அவர் என் சம்பளப் பணத்தை என்னிடம் சொல்லாமல் நண்பருக்குக் கடன் கொடுத்துவிட்டார். கத்தினேன். யார்தான் கத்த மாட்டார்கள்? “மாத்திரை போட்டியா?” அந்த ஒரு கேள்வியில் கடன் விஷயம் மறைந்து, என் மூளை விசாரணைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஒப்பந்தம் போட்டோம். என் தூக்கம் தொடர்ந்து இரண்டு நாள் நான்கு மணி நேரத்துக்குக் கீழே போனால் அவர் கேட்கலாம். சண்டைக்கு நடுவில் கேட்கவே கூடாது. நீங்களும் உங்கள் வீட்டில் இதைப் பேசி வையுங்கள், தம்பி ஒருநாள் கோபப்படத்தான் போகிறான்.

யாரிடம் சொல்வது என்று கேட்டீர்கள். நான் ஆளைப் பார்த்து அளக்கிறேன். டாக்டர்களுக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மருந்தின் பெயரோடு சொல்வேன். அலுவலகத்தில் “எனக்கு ஒரு நீண்டகால உடல்நலப் பிரச்சினை இருக்கிறது, இரவு ஷிஃப்ட் கூடாது, தூக்கம் கெட்டால் பாதிக்கும்” என்பதோடு சரி. அது பொய் இல்லை, முழுக்கதையும் இல்லை. முழுக்கதை தெரிந்தவர்கள் என் வாழ்க்கையில் ஐந்து பேர். முன்பு ஏழு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி, அவள் மகளை என்னோடு தனியாக விடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மனம் திறந்து பேசுங்கள் என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் இந்த இரண்டு பேரைப் பற்றிப் பேச எனக்கு ஆசை.

லித்தியம் இதற்குக் கேட்கும் என்று 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் எழுதினார். அதற்கு ஒரு தலைமுறை முன்னால் பிறந்திருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று ரத்தம் கொடுக்கக் கையை நீட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். சரி, அதை விடுங்கள்.

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன் அக்கா. அம்மா என்ன செய்தாள், பெரியப்பா என்ன கேட்டார், மகள் என்ன சொன்னாள் எல்லாம் இருக்கிறது. யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தம்பியைக் கேட்டீர்களா?


கூட்டல்கழித்தல் எழுதியது:

இல்லை. கேட்கவில்லை. இதைப் படித்த பிறகுதான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.


அகராதிப்பூச்சி எழுதியது:

அனுபவஸ்தர்கள் நடுவில் நான் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வருகிறேன், மன்னிக்கவும். மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன், பழக்க தோஷம்.

“மனச்சிதைவு” என்ற பெயரே எனக்கு உறுத்துகிறது. சிதைவு என்றால் இடிந்து கிடக்கும் சுவர், அழுகிய உடம்பு. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அந்த ஆள் எழுந்து வந்து பின்னக் கணக்கு சொல்லித்தருவார் என்று யாருக்குத் தோன்றும்? 1908-ல் சுவிட்சர்லாந்து டாக்டர் ஓய்கன் ப்ளாய்லர் கிரேக்கச் சொற்களை வைத்து “ஸ்கிட்ஸோஃப்ரீனியா” என்று பெயர் வைத்தார். பிளவு, மனம், இரண்டையும் சேர்த்தது. ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருக்கிறான் என்று இன்றைக்கும் பலர் நினைப்பதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம். அந்த நோய் அதுவே இல்லை.

ஜப்பானியர்கள் இதை அப்படியே “மனம் பிளந்த நோய்” என்று மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று 1993-ல் மனநல டாக்டர்கள் சங்கத்திடம் கேட்டது நோயாளிகளின் குடும்பங்கள். 2002-ல் மாற்றினார்கள். புதுப் பெயருக்கு ஏறக்குறைய “ஒருங்கிணைவு குலைந்த நிலை” என்று பொருள் சொல்லலாம். குலைந்ததைத் திரும்பச் சேர்க்கலாம் இல்லையா? இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பழைய பெயர் இருந்தபோது உனக்கு இதுதான் நோய் என்று டாக்டர்கள் நோயாளியிடமே சொன்னது நூற்றுக்கு 37 பேரிடம்தான். பெயரை மாற்றிய இரண்டு வருடத்தில் அது கிட்டத்தட்ட 70 ஆனது. டாக்டருக்கே வாய் வராத பெயரை வீட்டுக்காரர்கள் எப்படிச் சொல்வார்கள்?

பெயர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. புதுப் பெயரும் நாளைக்கு வசவாகலாம், “மெண்டல்” அப்படி ஆனதுதான். நேற்று வண்டியில் போகும்போது குறுக்கே வந்தவரை நானே அப்படித் திட்டினேன். இந்த இழையைப் பாதி படித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.


கூட்டல்கழித்தல் எழுதியது:

ஒன்பது நாள் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னியுங்கள். எல்லோருக்கும் நன்றி. சும்மாவருபவனுக்கும்தான். அலுவலக விஷயத்தில் தம்பி உங்கள் கட்சி.

அவனிடம் போனில் இருந்த அந்தக் குறிப்பையே எடுத்துக் காட்டினேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “உன்னைப் பத்தி இதெல்லாம் சொல்லி வெச்சிருக்கோம்” என்றேன். மெதுவாகப் படித்தான். முதுகுத்தண்டுக்கு வந்ததும் சிரித்துவிட்டான். “அக்கா, போன வாரம்தான் அவனுங்க ரெண்டு பேரைக் கடையில பார்த்தேன். அவனுங்க முன்னாடியே குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினேன். அதான் அப்படிப் பார்த்தானுங்களா!”

அப்புறம் அவனே பங்கு பிரித்தான். பாப்பாவுக்கு அவனே சொல்வான். பெரியப்பாவுக்கு நான் சொல்ல வேண்டும், ஆனால் அவன் அந்த அறையில் இருக்கும்போதுதான். “நான் இல்லாத இடத்துல என்னைப் பத்திப் பேசுறாங்கன்னுதானே எனக்கு நோயே வந்துச்சு, நிஜமாவே பேசாதீங்க” என்றான். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பழைய நண்பர்களில் ஒருவனிடம் மட்டும் சொல்வான், எப்போது என்று அவன் பார்த்துக்கொள்வான். புது வேலைக்குப் போனால் ஒரு வரி, லித்தியராகம் சொன்னது மாதிரி. பக்கத்து வீட்டுக்கு எதுவுமே வேண்டாம், பொய்யும் வேண்டாம்.

பாப்பாவிடம் அவன் பேசும்போது நான் கதவுக்கு வெளியே நின்றேன். இரவுப்பணி எழுதிக்கொடுத்ததைப் படித்துக் காட்டியிருந்தேன், அவன் தன் பாணியில் சொன்னான். பிளக் ஓட்டையைக்கூட விடவில்லை. அவள், “இப்பவும் கேக்குதா மாமா?” என்றாள். நாங்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. தேறிவிட்டான் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். “எப்பவாவது. பக்கத்து வீட்டு டிவி மாதிரி, என்னன்னு புரியாது” என்றான். அன்று மாலை அவனிடம், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இதைச் சொல்லு என்றேன். “டாக்டருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது” என்றான்.

பெரியப்பா விஷயம் நன்றாகப் போகவில்லை. கடைசி வரை கேட்டார். பின்னக் கணக்கையும் சொன்னேன். தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே, “சரி, வெளிய யாருக்கும் சொல்லிடாதீங்க, நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். கிளம்பும்போது மட்டும் அவனிடம், “சாயந்திரம் நடக்கப் போறியா? வேணும்னா என்னோட வா” என்றார். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் கூப்பிடவில்லை. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வைட்டமின் டப்பா போய்விட்டது. மாத்திரை அட்டைகள் இப்போது அப்பாவின் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில், கூடத்து அலமாரியில் இருக்கின்றன. அம்மா ராத்திரி படுக்கப் போகும்போது தம்பியின் அட்டையை மட்டும் பெயர் தெரியாதபடி குப்புறப் போட்டுவிட்டுப் போகிறாள். காலையில் அவன் மாத்திரை எடுத்துவிட்டு அதை நிமிர்த்தி வைக்கிறான். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இன்றோடு ஐந்து நாள்.